பாட்டு செல்போனில், சத்தம் கார் ஸ்பீக்கரில்: வாசகர் கேள்வி – பதில்

பழைய காரைக் கொடுத்துவிட மனசு வராதவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இந்த மாதக் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. வண்டி ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, செட்டில் மட்டும் ப்ளூடூத் இல்லை. செல்போனில் இருக்கும் பாட்டை அந்தச் செட்டில் கேட்க என்ன வழி என்றுதான் பெரும்பாலான கடிதங்கள் கேட்கின்றன. ஆகவே இந்த முறை அதற்கே முழு இடம்.

பழைய மாடல் காருங்க. ரேடியோவும் சிடியும் மட்டும்தான் இருக்குது. லைட்டர் ஓட்டையில சொருகுற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமுங்களா? அது எப்படி வேலை செய்யுது?
– வாசகர், பெருந்துறை

வாங்கும் முன் செட்டின் முகப்பை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வெளியிலிருந்து வயரில் பாட்டை வாங்கும் ஆக்ஸ் என்று எழுதிய சின்ன ஓட்டை ஏதாவது மூலையில் இருக்கும். முன்னால் இல்லாவிட்டால் பின்னால் இருக்கலாம். கார் ஆடியோ கடையில் செட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிட வேலை. ஆக்ஸ் இருந்தால் டிரான்ஸ்மிட்டரை மறந்துவிடுங்கள். ஆக்ஸில் சொருகும் ப்ளூடூத் ரிசீவர் தனியாகக் கிடைக்கிறது, ஒலி பல மடங்கு சுத்தமாக வரும். கேசட் போடும் செட்டாக இருந்தால் கேசட் வடிவில் வயரோடு வரும் அடாப்டரும் டிரான்ஸ்மிட்டரைவிட மேல்தான்.

எதுவும் இல்லை என்றால்தான் டிரான்ஸ்மிட்டர். அது செல்போனிலிருந்து ப்ளூடூத் வழியாகவோ 3.5 மி.மீ. வயர் வழியாகவோ பாட்டை வாங்கி, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் பட்டையில் நீங்கள் சொல்லும் இடத்தில் அதை ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். உங்கள் காருக்கு மட்டுமான நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பலம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். ஐரோப்பாவில் இந்தக் கருவிக்கு அனுமதித்திருக்கும் உச்ச அளவு 50 நானோவாட். கொடைக்கானல் பண்பலையின் ஒலிபரப்பி 10 கிலோவாட். இரண்டுக்கும் நடுவில் இருபதாயிரம் கோடி மடங்கு வித்தியாசம். டிரான்ஸ்மிட்டர் காருக்குள்ளேயே இருப்பதால்தான் அதன் குரல் எடுபடுகிறது. எஃப்எம் ரேடியோ ஒரே இடத்தில் இரண்டு குரல் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். ஆகவே நிலையத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. நிலையம் இல்லாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். இதில் பாதி வேலை கருவியைத் தேர்ந்தெடுப்பது அல்ல, எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். 87.5 முதல் 108 வரை 0.1 படியாக எல்லா எண்ணும் வைக்க முடிய வேண்டும் (நாலைந்து எண் மட்டும் உள்ள பழைய வகை நம் ஊருக்கு உதவாது). கடைசியாக வைத்த எண்ணை, வண்டியை அணைத்துப் போட்டாலும் மறக்கக் கூடாது. தனியாக அணைக்கும் பொத்தான் இருக்க வேண்டும். வண்ண விளக்கு, ஏழு வகை ஈக்வலைசர் எல்லாம் கண்ணுக்குத்தான்.

கோயம்புத்தூருக்குள் எந்த எண்ணில் வைத்தால் தொந்தரவு இருக்காது? எல்லா இடத்திலும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.
– வாசகி, பீளமேடு

முதலில் ஆள் இருக்கும் வீடுகளைக் குறித்துக்கொள்வோம். 91.1 ரேடியோ சிட்டி, 93.5 சூரியன், 98.3 மிர்ச்சி, 103 அகில இந்திய வானொலியின் ரெயின்போ, 106.4 ஹலோ. உங்கள் பீளமேட்டிலேயே 107.8-இல் கல்லூரிச் சமுதாய வானொலி. தெற்கே போனால் 100.5 கொடை. ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் குறைந்தது 0.3, நகருக்குள் 0.4 விட்டுவிடுங்கள். 93.5-க்குப் பக்கத்தில் 93.7 காலியாகத் தெரிந்தாலும் காலி இல்லை. பலமான நிலையத்தின் ஓரம் அங்கே வழிந்திருக்கும்.

மீதமுள்ள இடத்தில் காதால்தான் தேட வேண்டும். தேடும் முறை இது: டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வையுங்கள். ரேடியோவில் தானாகத் தேடும் பொத்தானைத் தொடாமல், கையால் 0.1, 0.1 ஆக நகர்த்துங்கள். ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் மட்டும் வரும் இடமே நமக்கு வேண்டியது. இரைச்சலுக்கு அடியில் முணுமுணுப்பு, தாளம், 'டிக் டிக்' எது கேட்டாலும் அது வேண்டாம். சத்தமே இல்லாமல் அமைதியாக இருக்கும் இடத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே ஏதோ ஒரு நிலையத்தின் அலை வந்துகொண்டிருக்கும், பேச்சு மட்டும் இடைவெளி விட்டிருக்கும். அல்லது உங்கள் செட் வெற்றிடத்தில் தானே வாயை மூடிக்கொள்ளும் வகையாக இருக்கும்.

இப்படி நாலைந்து எண் கிடைக்கும். 94.5-க்கும் 97.5-க்கும் நடுவிலும், 104-க்கும் 105.8-க்கும் நடுவிலும் முதலில் தேடுங்கள். கிடைத்ததை வீட்டு வாசலில் ஒரு தடவை, வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு தடவை, ஏதாவது மேட்டில் ஒரு தடவை என்று மூன்று இடத்தில் சோதியுங்கள். மேட்டில் தூரத்து நிலையங்கள் தலை நீட்டும். தேறியதில் மிக நல்லதை ரேடியோவின் ஒன்றாம் பொத்தானிலும், அடுத்ததை இரண்டாம் பொத்தானிலும் பதிந்து வையுங்கள். ஒன்று கெட்டால் உடனே அடுத்ததற்குத் தாவலாம். ஓட்டிக்கொண்டே எண்ணைத் திருகும் வேலை வேண்டாம்.

இணையத்தில் பலர் 87.5 போடச் சொல்வார்கள். நல்ல இடம்தான். எல்லோருமே அங்கே வந்து நிற்பதுதான் சிக்கல். அவிநாசி ரோட்டு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் பாட்டு உங்கள் காரில் ஒரு நிமிடம் பாடிவிட்டுப் போனால் பயப்படாதீர்கள், அவரும் 87.5 ஆள்.

பொள்ளாச்சியில் தெளிவாக இருக்குதுங்க. உடுமலை தாண்டிப் பழனி ரோட்டில் போனால் பாட்டு விட்டு விட்டு வருது. கருவியில பழுதுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

கருவி நன்றாகத்தான் இருக்கிறது, மலைதான் காரணம். எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். உயரத்தில் நிற்கும் ஒலிபரப்பிக்குக் கீழே உள்ள சமவெளி முழுவதும் கண்ணுக்கு எட்டும் தூரம். கொடைக்கானலிலிருந்து வரும் 100.5 உடுமலை, பழனி, தாராபுரம் பக்கம் அவ்வளவு பலமாக விழுவது அதனால்தான். உங்கள் எண் 100-க்கும் 101-க்கும் நடுவில் இருந்தால் முதலில் அங்கிருந்து விலகுங்கள். வேறு எண்ணாக இருந்தால் அந்தச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி, மேலே சொன்னபடி ஒரு தடவை தேடி, அந்தப் பக்கத்துக்கென்று ஒரு எண்ணை மூன்றாம் பொத்தானில் போட்டுக்கொள்ளுங்கள். வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்கு மட்டுமா வழி விடுகிறது, அந்தப் பக்கத்து நிலையங்களின் அலைக்கும்தான்.

நேர்மாறாக வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் மலை மறைத்து நிலையங்கள் மங்கிப்போகும். அங்கே டிரான்ஸ்மிட்டர் ராஜா. ஒரே ஒரு எச்சரிக்கை: ரேடியோவில் ஏஎஃப் என்று ஒரு வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அலை பலம் குறைந்தால் வேறு எண்ணுக்குத் தானாகத் தாவுவதற்காக வைத்தது அது. நம் குட்டி நிலையத்தை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடும். போக்குவரத்து அறிவிப்பு வந்தால் அதற்குத் தாவும் டிஏ என்ற பொத்தானும் அப்படியே.

ஆக்சிலேட்டரை மிதிச்சா 'ங்ஙீ'ன்னு ஒரு சத்தம் கூடவே ஏறுது. விட்டா இறங்குது. மூணு டிரான்ஸ்மிட்டர் மாத்திப் பாத்துட்டேனுங்க.
– வாசகர், திருப்பூர்

நாலாவது வாங்காதீர்கள். சத்தம் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எந்த வழியில் நுழைகிறது என்று கண்டுபிடித்தால் போதும். வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

முதலில் செல்போனின் சார்ஜ் வயரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றுவிட்டதா? நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பூர்க்காரர் காரிலும் இதுதான் இருக்கும் என்று சொல்ல ஆசை, ஆனால் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. செல்போன் ஒரே லைட்டரில் சார்ஜும் வாங்கி, 3.5 மி.மீ. வயரில் பாட்டும் கொடுத்தால் எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்து ஒரு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தில் ஆல்டர்னேட்டரின் துடிப்பு சுற்றிவந்து பாட்டோடு கலக்கிறது. தீர்வு மூன்று. ப்ளூடூத்துக்கு மாறுவது சுலபம். பவர் பேங்கில் சார்ஜ் போடுவது செலவில்லாதது. வயர்தான் வேண்டும் என்றால் பாட்டு வயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டியைச் சொருகுங்கள். உள்ளே இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், அவ்வளவுதான். அடித்தொண்டைச் சத்தம் கொஞ்சம் மெலியும், கீச்சு போய்விடும்.

சார்ஜ் வயரைப் பிடுங்கியும் நிற்கவில்லையா? டிரான்ஸ்மிட்டரையே பிடுங்கிவிட்டுச் சூரியனையோ மிர்ச்சியையோ வையுங்கள். அதிலும் சத்தம் வந்தால் குற்றம் வண்டியின் மின்சாரத்தில். பேட்டரியின் நெகட்டிவ் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போக எமரி பேப்பரால் தேய்த்து இறுக்குங்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாவிட்டால் பாட்டு மட்டுமல்ல, பேட்டரியும் சீக்கிரம் போகும்.

இன்னொரு வகைச் சத்தம் உண்டு. கீச்சு இல்லாமல் 'டக் டக் டக்' என்று வேகத்தோடு நெருங்கும். அது பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் தரும் சத்தம். டீசலில் வராது. பிளக்குக்குள் ரெசிஸ்டர் உள்ள வகையைப் போட்டு, வெடித்துப்போன பிளக் வயரை மாற்றினால் நிற்கும். விலை குறைவு என்று ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எங்களுது போர்வெல் போடுற ரிக் வண்டிங்க, 24 வோல்ட். கார்ல போடுற டிரான்ஸ்மிட்டரைப் போடலாமுங்களா? டிரைவர் ஒரு பேட்டரியில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து வச்சிருக்கார்.
– வாசகர், திருச்செங்கோடு

இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிட முக்கியம். டிரான்ஸ்மிட்டரின் அடியில் '12–24 வோல்ட்' என்று அச்சடித்திருந்தால் அப்படியே சொருகலாம். '12 வோல்ட்' மட்டும் இருந்தால் சொருகிய நொடியே புகை பார்ப்பீர்கள். இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 28 வோல்ட் வரை ஏறும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேட்டரியும் வரிசையாக இருக்கின்றன, ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கரண்டைத்தான் தள்ளுகிறது. ஒன்றிலிருந்து மட்டும் செட்டுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் உறிஞ்சினால் அது எப்போதும் பசியாக இருக்கும். மற்றது தேவைக்கு மேல் தின்று ஆசிட் கொதித்து வற்றும். ஒரு வருஷத்தில் இரண்டும் சேர்ந்து போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, செட், டிரான்ஸ்மிட்டர் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுங்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் 10 ஆம்பியர் தாராளம். கன்வெர்ட்டரின் 24 வோல்ட் பக்கம் ஒரு பியூஸ் கட்டாயம். மலிவுக் கன்வெர்ட்டர் தானே எஃப்எம் பட்டையில் இரைச்சல் போடும், அதை ரேடியோவிலிருந்தும் ஆன்டெனா வயரிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்.

சத்தம் கூட்டினா உடையுது, குறைச்சா இரைச்சல் வருது. நடுவுல எங்க வைக்கிறதுன்னு பிடிபடலைங்க.
– வாசகர், ஈரோடு

மூன்று இடத்தில் சத்தம் கூட்ட முடிவதால் வரும் குழப்பம் இது: செல்போன், டிரான்ஸ்மிட்டர், ரேடியோ. எஃப்எம்மில் பாட்டின் ஓசை ஏறினால் அலையின் எண் இரு பக்கமும் ஆடும். 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடலாம். அதற்கு மேல் ஆட்டினால் ரேடியோவுக்குப் பின்தொடர முடியாமல் பாட்டு கரகரக்கும். ரேடியோவைக் குறைத்தாலும் அந்த உடைசல் போகாது, ஏனென்றால் அது ரேடியோவுக்கு வரும் முன்பே உடைந்துவிட்டது. கொஞ்சமாக ஆட்டினாலோ பாட்டு மெலிந்து இரைச்சல் மேலே தெரியும்.

இப்படி வையுங்கள். ரேடியோவில் ஏதாவது உள்ளூர் நிலையத்தை வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். அந்தக் குமிழை இனித் தொடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு வந்து, செல்போனை வயரில் என்றால் முக்கால் பங்கு, ப்ளூடூத் என்றால் கிட்டத்தட்ட முழுதாக வையுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, நிலையத்தின் பாட்டும் உங்கள் பாட்டும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தவிலும் நாதஸ்வரமும் முழு வேகத்தில் வரும் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள், அதில் உடையாவிட்டால் எதிலும் உடையாது.

செல்போனில் உள்ள ஈக்வலைசர், 'பாஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் அணையுங்கள். பாஸ் வேண்டுமென்றால் ரேடியோவில் கூட்டுங்கள். சிலருக்குப் பாட்டில் 'ஸ்', 'ச' எழுத்துகள் காதைக் குத்தும். அமெரிக்காவுக்காகச் செய்த கருவி உச்ச ஓசையை 75 மைக்ரோ நொடிக் கணக்கில் தூக்கி அனுப்பும். நம் ரேடியோ 50 கணக்கில்தான் இறக்கும், மிச்சம் குத்துகிறது. ட்ரெபிளை இரண்டு புள்ளி குறைத்தால் சரியாகும்.

இதற்கு மேல் சிடி போன்ற தெளிவை எதிர்பார்க்காதீர்கள். எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் வராது. ஓடும் வண்டியின் டயர் சத்தத்தில் அதைக் கேட்கும் காது யாருக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

முன்னால நல்லா இருந்தது. கூரையில ஷார்க் ஃபின் ஆன்டெனா மாத்தினதில இருந்து எஃப்எம்மும் சரியில்ல, டிரான்ஸ்மிட்டரும் சரியில்ல.
– வாசகர், மேட்டுப்பாளையம்

அந்த மீன் துடுப்பை மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் பசை மட்டும் இருந்து வயர் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். கடைகளில் விற்கும் பல துடுப்புகள் அப்படித்தான். கழற்றிய கம்பியைத் தூக்கிப் போடவில்லை என்றால் அதையே திரும்ப மாட்டுங்கள். எஃப்எம் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய இழுக்கும் ஆன்டெனா ஏறத்தாழ அந்த நீளத்தில் இருப்பது சும்மா இல்லை. மடக்கி வைத்துவிட்டு எஃப்எம் கேட்கவில்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

துடுப்பில் வயர் இருந்தால், உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்குக் கரண்ட் வேண்டும். வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டில் ஆன்டெனாவுக்கென்று நீல வயர் ஒன்று வரும். அதை யாரும் இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். இணைத்தால் போதும்.

ஆன்டெனா பின் கூரையில் இருந்து, டிரான்ஸ்மிட்டர் கியர் பக்கத்தில் கீழே ஒளிந்திருந்தாலும் பாட்டு மெலியும். கையால் தொட்டால் தெளிவாகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அதற்குக் காரணம் இதுதான்: உங்கள் கை ஆன்டெனா ஆகிறது. லைட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி டிரான்ஸ்மிட்டரை டேஷ்போர்டு மேல், கண்ணாடி ஓரமாக வையுங்கள். பின் சீட்டுக்குப் பக்கத்தில் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது.

மூணு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா வண்டி ஸ்டார்ட் ஆகலை. டிரான்ஸ்மிட்டர் சொருகியே இருந்துச்சு. அதுதானுங்களா காரணம்?
– வாசகர், காங்கேயம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா இருக்கும் டிரான்ஸ்மிட்டர் 60 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்தால், ஒரு நாளைக்கு 1.44, மூன்று நாளைக்கு 4.3 ஆம்பியர் மணி. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. நல்ல பேட்டரி இதைத் தாங்கும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் சாட்சிதான், குற்றவாளி பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. சார்ஜ் ஏற்றி வைத்தும் மறுநாளே இறங்கினால் பேட்டரி கிழடு.

எப்படியிருந்தாலும் சாவியைக் கழற்றிய பிறகும் கரண்ட் வரும் லைட்டர் உள்ள வண்டிகளில் இறங்கும்போது பிடுங்கிவிடுங்கள். அதோடு, காலி சாக்கெட்டில் சில்லறை போடும் பழக்கம் வேண்டாம். நடுவில் பாசிட்டிவ், சுற்றிலும் நெகட்டிவ். ஒரு ரூபாய்க் காசு இரண்டையும் தொட்டால் பியூஸ் போகும். பலர் அதன்பின் டிரான்ஸ்மிட்டர் செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள்.

ஊர் நோம்பிக்கு இதையே பெரிசு பண்ணி ஊரெல்லாம் ரேடியோவில கேக்க வைக்கலாமுங்களா?
– வாசகர், கரூர்

கூடாது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். 108-ஐத் தாண்டிய உடனே விமானம் இறங்க வழிகாட்டும் அலைகள் இருக்கின்றன. கையால் பெருக்கிய ஒலிபரப்பி தன் எண்ணோடு நிற்காமல் அங்கெல்லாம் சிந்தும். கூம்பு ஸ்பீக்கருக்கு என்ன குறை?

பென் டிரைவை டிரான்ஸ்மிட்டர்ல சொருகினா பாட்டு கண்டபடி மாறி வருது. சில பென் டிரைவை எடுக்கவே மாட்டேங்குது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பதிவு முறை. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் இந்தக் கருவிகளில் பல படிக்காது. ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேல் பெரும்பாலும் விண்டோஸ் அந்த வாய்ப்பையே காட்டாது, ஆகவே 16 அல்லது 32 ஜிபி வாங்குவது நிம்மதி. பாட்டு எம்பி3 ஆக இருக்க வேண்டும். ஃப்ளாக், எம்4ஏ கோப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

வரிசை மாறுவதற்குக் காரணம் வேறு. இந்தக் கருவிகளில் பல, பெயரைப் பார்ப்பதில்லை. எது முதலில் பதியப்பட்டதோ அதை முதலில் பாடும். கணினி ஒரே நேரத்தில் கொத்தாக அள்ளிப் போடும்போது வரிசை கலைகிறது. பாட்டுகளுக்கு 001, 002 என்று முன்னால் எண் போட்டு, பென் டிரைவைக் காலி செய்து, எண் வரிசையில் மறுபடி ஏற்றுங்கள். நடுவில் ஒன்றை அழித்துப் புதிது போட்டால் புதிது காலியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மறுபடியும் குழப்பம். மேக் கணினியில் ஏற்றினால் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளும் சேர்ந்து வந்து ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விடும். அவற்றை அழித்துவிடலாம்.

கூப்பிட்டவங்களுக்கு அவங்க குரலே திரும்பக் கேக்குதாம்.
– வாசகர், தாராபுரம்

மைக் டிரான்ஸ்மிட்டரிலேயே இருக்கிறது, எதிரில் பேசுபவர் குரல் கார் ஸ்பீக்கரிலிருந்து வந்து அதே மைக்கில் விழுகிறது. பேசும்போது ரேடியோவைக் குறையுங்கள், முன் ஸ்பீக்கரை விட்டுப் பின் ஸ்பீக்கருக்கு ஒலியைத் தள்ளுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் செல்போனின் ப்ளூடூத் அமைப்பில் அந்தக் கருவிக்கு 'அழைப்பு' என்பதை அணைத்து 'மீடியா' மட்டும் விடுங்கள். பாட்டு மட்டும் காரில் வரும், பேசுவதை வண்டியை நிறுத்திச் செல்போனில் வைத்துக்கொள்ளலாம்.

அம்பாசிடருங்க. தாத்தா காலத்து ரேடியோ, எம்.டபிள்யூ (மத்திய அலை) மட்டும் இருக்குது. ஆசைப்பட்டு டிரான்ஸ்மிட்டர் வாங்கிட்டேன்.
– வாசகர், சத்தியமங்கலம்

அந்த ரேடியோவுக்கு எஃப்எம் காது கிடையாது, அதனால் பயன் இல்லை. ரேடியோவை அப்படியே அழகுக்கு விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் ப்ளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஒளித்துவைத்து இரண்டு ஸ்பீக்கருக்கு வயர் இழுங்கள். வண்டியின் எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்த்துவிட்டு இணையுங்கள், மிகப் பழைய வண்டிகளில் தலைகீழாக இருக்க வாய்ப்பு உண்டு. டிரான்ஸ்மிட்டரைச் செல்போன் சார்ஜராக வைத்துக்கொள்ளுங்கள்.